எந்தப் பக்கம் தாழ்ப்பாள்

திருவள்ளூர்,
30-6-1957

அன்புத் தம்பி ஹபிபுல்லாவுக்கு, லாத்தா நசீம் பானு எழுதுவது. உன் வீட்டார் எல்லோருக்கும் ஸலாம். இங்கே நானும் உன் மகள் சைதாவும் ஆண்டவன் கிருபையில் சுகம். நீயும் மெஹர்னிசாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் நடத்திய நாளில் ஒரு சிறுமி எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், திருடன் உள்ள வரக்கூடாதுன்னுதான பூட்டு போட்றோம்? அவன் மொதல்லயே உள்ள பூந்துகினு இருந்தா இன்னா பண்றது?" வகுப்பே சிரித்தது. நான் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. ஓய்வு பெற்று, இந்தக் கல்லூரி விடுதிக்கு வார்டனாக வந்து சேர்ந்த அன்று ஏனோ அவள் கேள்வி நினைவுக்கு வந்தது.

விடுதி முன்பு ஒரு நெல் வியாபாரியின் மாடி வீடாக இருந்ததாம். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே பெண்கள் தங்கும் அறைகள். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. இறங்குவதற்கு ஒரே மாடிப்படி. கதவு இரண்டு. முன்கதவை ஒட்டிச் சமையல் கொட்டகை; கீற்றுக் கூரை. பின்கதவு கிணற்றடிக்குப் போகும். அதற்கு அப்பால் சந்து.

நீ கேட்டபடியே எழுதுகிறேன். மாலையானதும் பின்கதவை வெளிப்பக்கம் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொள்கிறேன். சைதாவுக்கு விக்டோரியா என்று ஒரு அறைத்தோழி. இருவரும் விடாமல் பேசுகிறார்கள்.

உன் லாத்தா,
நசீம் பானு


பழவேற்காடு,
12-7-1957

மரியாதைக்குரிய லாத்தாவுக்கு, தம்பி ஹபிபுல்லாவின் ஸலாம். எல்லோரும் சுகம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை மெஹர்னிசாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். பெருநாள் தொழுகை முடிந்து வெளியே வரும்போதே ஊரார் ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னா ஹபீபு, ஒம் பொண்ணு கலெக்டராயி வந்து ஒங் கருவாட்டயே ஜப்தி பண்ணப் போவுதாமே!" என்று ஒருவர். "அதுக்கு முன்னால எவனாவது பொண்ண ஜப்தி பண்ணிக்கினு பூடப் போறான், பாத்துக்கோ" என்று இன்னொருவர். "எங்க லாத்தா பூட்டி, சாவிய இடுப்புல வெச்சிகிறாங்க. போய்ப் பாத்துட்டு வந்து பேசு" என்றேன். அத்தோடு கலைந்து போனார்கள்.

லாத்தா, நம் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் சைதா. ஊருக்கு நான் சொல்ல முடிகிற பதில் அந்தப் பூட்டு ஒன்றுதான். அது இல்லை என்றால் அவள் படிப்பும் இல்லை. இதை நீங்கள் மறக்கக்கூடாது.

உங்கள் துஆவை நாடும்,
ஹபிபுல்லா


திருவள்ளூர்,
4-8-1957

தம்பிக்கு ஸலாம். என் முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் முனகுகிறது. சைதா இரண்டு சுற்று பருத்திருக்கிறாள். மெஹரிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

உன்னைச் சிரிக்க வைக்க ஒரு சேதி. கல்லூரி ரசாயன அறையில் ஸ்பிரிட் விளக்கு கவிழ்ந்து மேஜை பற்றிக்கொண்டது. உடனே அணைத்துவிட்டார்கள். மறுநாளே செயலர் குப்புராஜ் விடுதிக்குச் சிவப்பு வாளிகள் வாங்கி அனுப்பி, ஆபத்து வந்தால் என்ன செய்வதென்று பெண்களைப் பழக்கும்படி எனக்கு உத்தரவு போட்டார்.

சரி என்று சனிக்கிழமை மாலை காவல்காரர் சடையப்பனை மணி அடிக்கச் சொன்னேன். மணி என்றால், வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. அவர் அடித்த அடியில் காக்கையெல்லாம் பறந்தன. பெண்கள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். கையில் தட்டோடு!

"இன்னா சடையப்பண்ணே, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம் சோறு? இன்னா கொழம்பு?" என்கிறாள் விக்டோரியா.

"கொழம்பு இல்ல கண்ணு, நெருப்பு!"

"நெருப்புக் கொழம்பா? அப்பளம் உண்டா?"

சாப்பாட்டுக்கும் அதே மணிதானே அடிக்கிறோம்! நிஜமாகவே கொட்டகை எரிந்திருந்தால் அத்தனை பேரும் தட்டோடு நேராக நெருப்பை நோக்கித்தான் ஓடியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வாளிகள் எங்கே என்று கேட்டேன். "புத்தம் புதுசும்மா. வெளிய வெச்சா எவனாவது எட்த்துக்கினு பூடுவான்னு உள்ள பத்திரமா பூட்டி வெச்சிகிறேன்" என்றார் சடையப்பன். சாவி? "அதையும் பத்திரமாத்தான் வெச்சேன். எங்க வெச்சேன்னுதான் தெர்ல."

பத்திரம் என்ற சொல்லையே அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் ஒரு பொருளைப் பத்திரமாக வைத்தோம் என்றால் பல நேரம் நமக்கே எட்டாமல் வைத்தோம் என்றுதான் அர்த்தமாகிறது. வாளிக்கு மட்டும் பொருந்துகிற விஷயமா இது, யோசித்துப் பார்.

பூட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அது நல்ல பூட்டு.

லாத்தா


பழவேற்காடு,
20-8-1957

லாத்தாவுக்கு ஸலாம். இங்கே காய்ச்சல் நோய் ஒன்றும் இல்லை. ஏரியில் இறால் வரத்து நன்றாக இருக்கிறது.

நெருப்புக் குழம்பைக் கேட்டு மெஹர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். கடைக்குட்டி இப்போது தினமும் அதைத்தான் கேட்கிறது.

ஆனால் லாத்தா, சிறு வயதிலிருந்து உங்கள் பேச்சு எனக்குத் தெரியும். "நல்ல பூட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். "பூட்டியிருக்கிறது" என்று எழுதவில்லையே?

ஹபிபுல்லா


திருவள்ளூர்,
6-10-1957

அன்புத் தம்பிக்கு ஸலாம். பதில் எழுத நாளாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. நாங்கள் சுகம். காலாண்டுத் தேர்வில் சைதா கணக்கில் வகுப்புக்கே முதல்.

இங்கே நான் கண்ட ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈரத் தேங்காய் மட்டையைச் சட்டியில் போட்டுக் கொளுத்தி, ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். சற்று நேரம் கழித்துத் திறந்து பெண்களுக்குக் காட்டினேன். மேலே புகை, சாம்பல் நிறத்தில் இன்னொரு கூரை போட்ட மாதிரி தொங்குகிறது. தரையை ஒட்டி ஒரு முழத்துக்குக் காற்று தெளிவாக நிற்கிறது. சட்டியின் அடி வரை தெரிகிறது! இத்தனை வருஷம் அடுப்பு ஊதியவள் நான், இதை ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. "வார்டனம்மா, குனிஞ்சவங்களுக்குன்னு ஆண்டவரு தனியா கொஞ்சம் காத்து வெச்சிருக்காரு" என்றாள் விக்டோரியா. யாரும் சிரிக்கவில்லை.

மணியையும் மாற்றிவிட்டோம். ஆபத்துக்குச் சடையப்பன் பழைய எண்ணெய் டின்னைத்தான் தட்டுவார். வேறு எதற்கும் அந்தச் சத்தம் கிடையாது. அதைக் கேட்டதும் கண்ணைக் கட்டிக்கொண்டு, முன்னால் போகிறவள் தோளில் கை வைத்து, மற்றக் கையால் சுவரைத் தடவி இறங்க வேண்டும். முதல் தடவை ரயிலில் ஏறுகிற கூட்டம் மாதிரி ஒரே இடி, கூச்சல். வாரா வாரம் பழக்கினேன். போன சனிக்கிழமை நான் படிக்கட்டின் கீழே நின்றேன். பாதம் தேய்கிற ஓசை மட்டும் கேட்டது. நம் ஊர்க் கரையில் பெரிய வலை இழுப்பார்களே, யாரும் உத்தரவு போடாமல் எல்லார் காலும் ஒன்றாகப் பின்னால் நகருமே, அது மாதிரி.

மழைக்காலம் வருகிறது. ஏரியில் படகு ஏறும்போது கவனம்.

லாத்தா


திருவள்ளூர்,
3-11-1957

அன்புள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மகள் சைதாவின் ஸலாம். நான் சுகம். உம்மா அனுப்பிய இறால் ஊறுகாய் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது, விக்டோரியாதான் காரணம்.

வாப்பா, எங்கள் பயிற்சியில் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். டின் சத்தம் கேட்டதும் நான் முதலில் இறங்கிப் பின்கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும். நசீம் மாமி எழுதியிருப்பார்களே, இப்போது வெளிப்பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்திருக்கிறோம். கொஞ்சம் இறுக்கமான தாழ்ப்பாள். எண்ணெய் போட்டபிறகு சுலபமாக இருக்கிறது.

உங்கள் அன்பு மகள்,
சைதா


பழவேற்காடு,
15-11-1957

லாத்தாவுக்கு.

பூட்டு இல்லை என்று என் மகள் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? ஊர் முன்னால் உங்கள் பெயரைச் சொல்லி நிமிர்ந்து நின்றேன். அத்தனை நாளும் அந்தக் கதவு திறந்துதான் கிடந்ததா?

பொங்கல் விடுமுறை முடிந்ததும் கல்லூரிச் செயலருக்கு என் ஆட்சேபத்தை எழுதுவேன். அல்லது நேரில் வந்து சைதாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

ஹபிபுல்லா


திருவள்ளூர்,
2-12-1957

என் தம்பிக்கு ஸலாம். உன் கடிதத்தில் சுகம் விசாரிப்பு இல்லை. ஆனாலும் நான் கேட்கிறேன்: நீ சுகமா? இந்த மழையில் உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சைதாவை நிறுத்திவிடுவாய் என்ற பயத்தில் தள்ளிப் போட்டேன். அதைத் தவிர வேறு கள்ளம் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் பயிற்சியன்று பின்கதவைத் திறக்கச் சொன்னேன். திறக்க முடியாது, பூட்டு வெளியே இருக்கிறது. சாவி என் இடுப்பில். வெளியே போக முன்வாசல் வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். முன்வாசலில் நெருப்பு என்று வைத்துக்கொள். அப்போது நானும் உள்ளே, சாவியும் உள்ளே, பெண்களும் உள்ளே. நான் காவல் என்று நினைத்துச் செருகிய சாவி யாருக்குக் காவல்? அந்தப் பொன்னேரிப் பெண் கேட்டது இதைத்தான். சமையல் கொட்டகையில் தினமும் நாமே மூட்டுகிறோமே, அந்தத் திருடன் முதலிலேயே உள்ளேதான் இருக்கிறான்.

பூட்டை எடுக்கக் கேட்டபோது செயலர் தயங்கினார். "பூட்டு இருக்குன்னு நம்பித்தானே பெத்தவங்க அனுப்பியிருக்காங்க, வார்டனம்மா?" என்றார். பிறகு, தேர்வு முடியும் வரை பார்ப்போம், ஒரே ஒரு பெற்றோர் ஆட்சேபித்தாலும் பழையபடி பூட்டுதான் என்று முடிவு சொன்னார். ஆகவே உன் கையெழுத்து ஒன்று போதும், பூட்டு திரும்ப வந்துவிடும். நான் தடுக்கமாட்டேன்.

உனக்குத் தெரியாதது இன்னொன்று. பூட்டை எடுத்த நாளிலிருந்து என் கட்டில் அந்தப் பின்கதவை ஒட்டித்தான் கிடக்கிறது. வெளியிலிருந்து எவன் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும்.

லாத்தா


திருவள்ளூர்,
20-2-1958

அன்புத் தம்பிக்கு ஸலாம். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பொங்கலுக்கு வந்து திரும்பிய சைதாவும் வீட்டுச் சமாசாரம் பேச மறுக்கிறாள். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தொழுகைதோறும் கேட்கிறேன்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. போன வாரம் சமையல் கொட்டகைக் கூரை கொஞ்சம் புகைந்தது. புதிதாக ஓடு போடுகிறார்கள். சைதா நன்றாகப் படிக்கிறாள். இந்தக் கடிதத்தில் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

லாத்தா


பழவேற்காடு,
8-3-1958

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய லாத்தாவுக்கு, ஹபிபுல்லாவின் ஆயிரம் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கைப்புண் ஆறியதா?

உங்கள் எழுத்து ஏன் கோணல் என்று எனக்குத் தெரியும் லாத்தா. அன்று நான் அங்கே இருந்தேன்.

பொங்கலுக்கு வந்தவள் அழுது அடம் பிடித்துத் திரும்பிவிட்டாள்; என் மனம் ஆறவில்லை. சைதாவைக் கூட்டிப்போகத்தான் வந்தேன். ரயிலை விட்டு இறங்கியதும் மனம் கொஞ்சம் இளகியது. படிக்கட்டும், ஆனால் பூட்டோடு படிக்கட்டும் என்று தோன்றியது. பஜாரில் பெரிய பித்தளைப் பூட்டாகப் பார்த்து வாங்கினேன். உங்களிடம் வருவதற்கு முன் என் கண்ணால் கதவைப் பார்க்க வேண்டும் என்று சந்து வழியாக வந்தேன். மாலைத் தொழுகை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கிணற்றடிச் சுவருக்கு வெளியே நின்று, அதன் உடைப்பு வழியாகப் பார்க்கிறேன், கதவில் பூட்டு இல்லை, வெறும் நாதாங்கிதான் தொங்குகிறது. அந்த நேரத்தில்தான் டின் சத்தம் கேட்டது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு மாடிக்கு அந்தப் பக்கம் வானம் சிவந்தது. காற்று சரியான காற்று. கீற்று எரிகிற சத்தம், பெருமழை ஓலையில் விழுகிற மாதிரி. தீப்பொறிகள் மாடிக்கு மேலே பறந்து வேப்பமரத்தில் விழுந்தன. ஜன்னல் கம்பிகளுக்குள்ளிருந்து புகை வருகிறது. என் மகள் உள்ளே. நான் காது இரண்டையும் பொத்திக்கொண்டேன். அலறல் கேட்கும் என்று பொத்திக்கொண்டேன், லாத்தா.

அலறலே வரவில்லை. கையை எடுத்துக் கேட்டேன். உள்ளே பாதங்கள் தேய்கிற ஓசை மட்டும். தாழ்ப்பாள் நழுவியது. கதவு திறந்தது. சைதா வெளியே வந்து, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வாயில் ஈரத்துணியும் தோளில் கையுமாக ஒருத்தி, அவள் பின்னால் ஒருத்தி, அவள் பின்னால் ஒருத்தி. கண்ணை மூடியிருந்தார்கள். புகை அவர்களோடு சேர்ந்து வெளியே வந்தது. ஒருத்தி ஓடவில்லை. ஒருத்தி தள்ளவில்லை. நான் ஏரியிலும் கடலிலும் எத்தனையோ பார்த்தவன். படகு கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மனுஷர் அத்தனை பேர் ஒரே உடம்பாக நடந்து நான் பார்த்ததில்லை. அங்கேயே சந்து மண்ணில் உட்கார்ந்து, "யா அல்லாஹ், இது யார் கற்றுக்கொடுத்த நடை" என்றேன்.

எல்லோரும் வந்த பிறகும் சைதா கதவை விட்டு நகரவில்லை. விக்டோரியா என்ற பெண்ணாக இருக்க வேண்டும், "வாடி, போதும் வாடி!" என்று இழுத்தாள். "மாமி வரல. மாமி வந்தாதான் வருவேன்" என்றாள். பிறகு நீங்கள் வந்தீர்கள். தவழ்ந்துகொண்டு, தரையோடு தரையாக வந்தீர்கள். உங்கள் வலது கை முந்தானையில் சுற்றியிருந்தது. நீங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் என் மகள் கதவை விட்டாள்.

அப்போது யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "யோவ் சாய்பு! குந்திக்கினு வேடிக்க பாக்கறியா? எழுந்து வந்து வாளியப் புடிய்யா!" சடையப்பனாகத்தான் இருக்கும். எழுந்து போய்க் கிணற்றிலிருந்து வரிசையில் நின்றேன். நெருப்பு அடங்கும் வரை, இருட்டிலும் புகையிலும் நீங்களும் சைதாவும் கவனிக்காமலே, வாளி மாற்றினேன். நீங்கள் கிணற்றடி ஓரத்தில் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். சைதா எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் பயத்தில் அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று தோன்றியது. கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பையைத் திறந்தால் பூட்டு. வெளியே அதை மாட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்திருந்தால்? அந்த நினைப்பை எழுத்தில் வைக்க என்னால் முடியவில்லை. இத்தனை நாள் எழுதாததற்கு அதுதான் காரணம். அந்தப் பூட்டு இப்போது கருவாட்டுக் கொட்டகையில் தொங்குகிறது. கருவாட்டுக்கு அது சரியான காவல்.

குப்புராஜ் அவர்களுக்கு நேற்று தபால் போட்டேன். என் ஆட்சேபம் இதுதான்: அந்தக் கதவில் யாராவது வெளிப்பூட்டு மாட்டினால் அன்றே என் மகளை அழைத்துக்கொண்டு போய்விடுவேன். மாட்டாத வரை அவள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

உங்கள் தம்பி,
ஹபிபுல்லா


திருவள்ளூர்,
16-3-1958

என் அருமைத் தம்பிக்கு ஸலாம். நாங்கள் சுகம். கைப்புண் ஆறிப் புதுத்தோல் வந்துவிட்டது, பயப்படாதே.

உன் கடிதத்தை நானும் சைதாவும் சேர்ந்து வாசித்தோம். அவள் பாதியில் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். நீ சுவருக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். இடையே எத்தனை அடி இருந்திருக்கும்? சடையப்பனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அந்த சாய்பாம்மா? நல்ல மன்சன். பாதித் தண்ணிய கைலிலயே ஊத்திக்கினாரு. அவரு ஒங்க தம்பின்னா மொதல்லயே சொல்றதில்ல? நான் வேற யோவ்னு கூப்ட்டு வெச்சிட்டேன்!" என்று தலையைச் சொறிந்தார்.

நேற்று குப்புராஜ் உன் தபாலை எடுத்துக்கொண்டு வந்தார். "இப்படி ஒரு ஆட்சேபம் என் ஆயுசில் வந்ததில்லை" என்றார். பின்கதவின் வெளி நாதாங்கியை அவர் முன்னாலேயே கொல்லர் பிடுங்கி எடுத்தார். மாடிக்கு இன்னொரு படிக்கட்டு கட்டவும் பணம் ஒதுக்குகிறார்கள். சைதாவின் அடுத்த வருஷப் படிப்புக்கு நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ திட்டமாட்டாய் என்று தெரியும்.

நோன்பு வருகிறது, மெஹருக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ. ஒரே ஒரு வேலை சொல்கிறேன், இன்றைக்கே செய். வெளிச்சம் இருக்கும்போதே உன் கடைக்குட்டியைக் கூப்பிட்டு, வீட்டின் தெருக்கதவைத் தானாகத் திறந்துகொண்டு வெளியே போகச் சொல். நீ பக்கத்தில் நின்று பார், உதவி செய்யாதே. எட்டவில்லை என்றால் தாழ்ப்பாளைக் கழற்றிக் கீழே இறக்கி அடி.

லாத்தா,
நசீம் பானு